ஊசி குத்தியவளும் உபதேசம் சொன்னவர்களும்

கல்லாற்றங்கரைக் காட்டில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். முதுகு நிறைய முள், வாய் நிறையப் பேச்சு. பாறைக்கு அடியில் அவளே தோண்டிய வளை ஒன்று அவளுக்கு உண்டு. இரண்டு வாசல், உள்ளே மூன்று அறை. எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அந்த வளைமேல் காட்டில் பலருக்கு ஒரு கண்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. காட்டின் ஓரத்தில் ஒரு சாக்கு கிடந்தது. வேலாயி பக்கத்தில் போய் மோந்து பார்த்தாள். சாக்கு "மியாவ்" என்றது!

வேலாயி பல்லால் கயிற்றை அறுத்தாள். உள்ளேயிருந்து ஒரு பூனை தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. வயசான கடுவன் பூனை. எலும்பும் தோலுமாக இருந்தது.

"யாரப்பா நீ? சாக்குக்குள்ள என்ன வேலை உனக்கு?"

"ஊருக்குள்ள ஒரு வீட்டுல பத்து வருஷம் எலி பிடிச்சேன், தாயி. இப்ப சீக்கு வந்துடுச்சு. சீக்குப் பூனை வேண்டாம்னு கட்டிக் கொண்டாந்து போட்டுட்டாங்க."

"பத்து வருஷம் உழைச்சவனைச் சாக்குல கட்டியா போட்டாங்க? அவங்க கை விளங்குமா!" என்று வேலாயி கத்தினாள். அவள் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "நட, என் வளைக்குப் போவோம். மிச்சத்தை அங்க பேசிக்கலாம்."

மாசியில் கிடைத்தவன் என்பதால் அவனுக்கு மாசி என்றே பெயர் வைத்தாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அண்டி வந்த உயிரை யாராவது ஒருவர் மூன்று மாதம் வைத்துச் சோறு போட வேண்டும். மூன்றாம் மாதம் முடிகிற நாளில் சபை கூடும். வைத்திருந்தவர் எழுந்து, "இது எங்க வீட்டு உசிரு" என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னால், சாகும்வரை அது அந்த வீட்டு உயிர். சொல்லாவிட்டால் வேறு யாராவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாருமே கேட்கவில்லை என்றால் ஆற்றைத் தாண்டி அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அக்கரையில் இருப்பவை செந்நாய்கள். அங்கே போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

முதல் வாரத்திலேயே வேலாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாசி நாள் முழுக்க ஓடையில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தான். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. பின்னங்கால்களைத் தூக்கி வைக்க முடியாமல் முழங்காலால் நடந்தான். அவன் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது.

ஓடைக்கரையில் வைத்தியம் பார்க்கும் ஆமை வந்து பார்த்தது. எறும்பு வரிசையைப் பார்த்ததும் தலையை ஆட்டியது.

"இது சர்க்கரை வியாதி."

"காட்டுல சர்க்கரையைக் கண்ணால பார்த்தவங்களே கிடையாது! அந்த வியாதி மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஊர்லேருந்து கொண்டாந்திருக்கான். கசப்பங்கொடி இலையைக் கசக்கிச் சாறு எடு. பொழுது விடியறப்ப ஒரு தடவை, பொழுது சாயறப்ப ஒரு தடவை. ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. வாயில ஊத்தினா பிரயோஜனம் இல்ல. தோலுக்கு அடியில இறங்கணும்."

"தோலுக்கு அடியில எப்படி இறக்குறது?"

ஆமை அவள் முதுகை ஒருமுறை பார்த்தது. "இவ்வளவு ஊசியை முதுகுல வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்கிறியே! ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்க. குத்தின கையோட அவன் வயித்துல இரை விழணும். குத்திட்டுப் பட்டினி போட்டா, சீக்கு கொல்றதுக்கு முன்னாடி மருந்தே கொன்னுடும். உடம்பு நடுங்கி, கண்ணு செருகினா, உடனே தேனை எடுத்து ஈறுல தடவு."

"சர்க்கரைக்காரனுக்குத் தேனா? நல்லா இருக்கே!"

"மத்த நேரம் தேன் விஷம். அந்த நேரம் மட்டும் தேன்தான் உசிரு. ஞாபகம் வச்சுக்க."

முதல் நாள் வேலாயி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிச் சாற்றில் தோய்த்தாள், ஆனால் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காட்டில் எத்தனையோ பேரை அவள் முள்ளால் குத்தியிருக்கிறாள். கோபத்தில் குத்துவது சுலபம். பிரியத்தோடு குத்துவது இருக்கிறதே, அது பெரிய கஷ்டம்! மாசிதான் கழுத்தை நீட்டிக்கொடுத்தான்.

"குத்து தாயி. சாக்குல கட்டினதை விடவா வலிக்கப்போகுது?"

குத்தினாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் குத்தினாள். மீன் என்றால் முகத்தைச் சுளிக்கிற சாதி அவள். கிழங்கும் வேரும் தின்றே வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் ஓடையில் இறங்கி, அயிரை மீன் பிடிக்கப் பழகினாள். மேலெல்லாம் மீன் கவிச்சி. எதிரில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

சித்திரை பிறந்தபோது மாசி நிமிர்ந்து நடந்தான். ரோமம் பளபளத்தது. பாறைமேல் ஏறி உட்கார்ந்து மீசையை நக்கிக்கொள்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. வேலாயி வாய் ஓயாமல் பேசுவாள். மாசி கண்ணை மூடிக்கொண்டு "ம்" கொட்டுவான். அவள் நடுவில் நிறுத்தினால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பான். அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்றும் கேட்ட முதல் உயிர் அவன்தான்.

ஆனாலும் வேலாயிக்கு உள்ளுக்குள் குழப்பம். பொய் சொல்வானேன்! விடியும்போதும் வளையில் இருக்க வேண்டும், பொழுது சாயும்போதும் வளையில் இருக்க வேண்டும். நடுவில் எவ்வளவு தூரம்தான் போய்விட முடியும்? வருஷாவருஷம் வைகாசியில் முள்ளம்பன்றிகள் எல்லாம் கூட்டமாகச் சேர்ந்து மேல்மலைக்குக் கிழங்கு தோண்டப் போகும். ஒரு மாதம் பாட்டும் கூத்துமாக இருக்கும். மாசியை வைத்துக்கொண்டால் அதற்கெல்லாம் ஒரு கும்பிடு போட வேண்டியதுதான். அவளுடைய அக்கா ஒரு மைனாக் குருவியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வர்றியா, இல்லையா? பூனைக்காக உடன்பிறந்தவளை விட்டுடப்போறியா?"

முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கி முதுகின் வலது பக்கம் சொட்டை விழுந்திருந்தது. புதுமுள் முளைக்கிற வேகத்தை விட, பிடுங்குகிற வேகம் அதிகம். அவளே ஒருநாள் கால் சுளுக்கிப் படுத்துவிட்டால் ஊசி குத்துவது யார்? எல்லாவற்றுக்கும் மேலே, அவன் வயசான உயிர். இவ்வளவு பாசத்தை வைத்துவிட்டு, நாளைக்கே அவன் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது?

இப்படியெல்லாம் அவள் யோசித்ததில் தப்பே இல்லை. சுமக்கப்போகிறவள் தூக்கிப் பார்த்து எடை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு துரும்பைக்கூடத் தூக்காதவர்கள் வரிசையாக வந்து எடை சொன்னார்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

முதலில் முயல் வந்தது.

"அக்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தேய்ஞ்சு ஓடா போயிட்டே. அந்தப் பூனையை விட்டுடு!"

"நீ வேணா ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்துக்கிறியா? நான் ஒரு தடவை மேட்டுப்பக்கம் போயிட்டு வந்துடுறேன்."

"ஐயோ, எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துடும்!" என்று சொல்லிவிட்டு முயல் எடுத்தது ஓட்டம்.

அப்புறம் கரடி வந்தது. "எதுக்கு வேலாயி இந்தக் கிழட்டுப் பூனை? நோய் நொடி இல்லாத குட்டியா ஒண்ணு பார்த்து வளர்த்துக்க. துறுதுறுன்னு ஓடியாடி விளையாடும்!"

"குட்டியும் ஒருநாள் கிழடாகும், இல்லையா?"

"அப்ப அதையும் விட்டுட வேண்டியதுதான்!" என்றது கரடி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தது.

இதையெல்லாம் மாசியின் காதுபடவே பேசினார்கள். அதுதான் கொடுமை. அவன் பாறைமேல் படுத்து, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கடைசியில் நரி வந்தது. வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது.

"வேலாயி, உன்னைப் பார்த்தா என் ஈரக்குலை நடுங்குது! ஒட்டி உலர்ந்து போயிட்டியே! கிழங்குக்குப் போக மாட்டியாமே? உன் வயசுல கிழங்குக்குப் போகாம எப்பப் போவே? அந்தப் பூனைக்குமே இது நரகம்தான். தினமும் ரெண்டு குத்து! பேசாம அக்கரையில விட்டுடு. அதுவும் நிம்மதியாப் போய்ச் சேரும், நீயும் நிம்மதியா இருப்பே. சபையில நானே உனக்காகப் பேசுறேன்."

ஆகா, எவ்வளவு இரக்கம்! இந்த இரக்கத்துக்குப் பின்னால் இருந்த சங்கதி வேலாயிக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வருஷாவருஷம் வேலாயி கிழங்குக்குப் போனதும், அந்த ஒரு மாதமும் அவளுடைய வளையில் நரிதான் குடும்பத்தோடு சொகுசாகக் குடியிருந்தது. அவள் திரும்பி வருவதற்கு முதல் நாள் பெருக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும். பூனை இருந்தால் வேலாயி போக மாட்டாள். வேலாயி போகாவிட்டால் நரிக்கு வளை இல்லை. அவ்வளவுதான் விஷயம்!

சபை கூடும் நாள் வந்தது. மருத மரத்தடியில் காடே திரண்டிருந்தது. காட்டெருமைதான் சபைத் தலைவர். நல்ல உயிர், ஆனால் முறை முறை என்று முறைக்காகவே உயிரை விடும். அந்தச் சபைக்கு ஒரு கண்டிப்பான முறை இருந்தது. தீர்ப்புச் சொல்லி முடியும்வரை யாரும் எதையும் தின்னக்கூடாது. முன்பு ஒரு காலத்தில் தலைவராக இருந்த காட்டுப்பன்றி, பலாப்பழம் யாருக்கு என்ற வழக்கில், தீர்ப்புச் சொல்வதற்குள் அந்தப் பலாப்பழத்தையே தின்று முடித்துவிட்டதாம். அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. சபை கலையும்போது எல்லாரும் பகிர்ந்துகொள்ளக் கரடி ஒரு தேனடை கொண்டுவரும். அது தேக்கிலையில், தலைவரின் முன்னால் இருக்கும். அதுவரை ஈகூட அதை நெருங்கக்கூடாது.

வேலாயி மாசியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஓர் இலைப் பொட்டலத்தில் அயிரை மீனும் கொண்டுவந்திருந்தாள். என்ன சொல்வது என்று அந்த நிமிஷம்வரை அவளுக்கு முடிவாகவில்லை. 'எங்க வீட்டு உசிரு' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அக்கா முகமும் மேல்மலையும் கூடவே வந்து அதை உள்ளே தள்ளின.

"தலைவரே, பொழுது சாயப்போகுது. இவனுக்கு மருந்து குத்தி, உடனே இரை கொடுக்கணும். சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டே வார்த்தை!" என்று நரி எழுந்தது. "நீ பாட்டுக்கு மருந்தைக் குத்து வேலாயி. குத்தி முடிக்கிறதுக்குள்ள நான் பேசி முடிச்சிடுவேன்."

சூரியன் மலை உச்சியைத் தொட்டது. வேலாயி வழக்கம்போல முள்ளைப் பிடுங்கினாள். சாற்றில் தோய்த்தாள். மாசியின் கழுத்துத் தோலைத் தூக்கிக் குத்தினாள். பிறகு இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நிறுத்து!" என்று நரி கத்தியது. "சபை நடக்கும்போது தின்கிறதா? முறை என்ன ஆச்சு?"

காட்டெருமை கொம்பை ஆட்டியது. "முறை முறைதான் வேலாயி. கொஞ்சம் பொறு. இதோ முடிஞ்சிடும்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வேலாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொட்டலத்தை மூடி வைத்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். ஆமை சொன்னது ஞாபகம் இருந்தும், சபைக்குப் பயந்து மூடி வைத்தாள்!

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அதன் ரெண்டு வார்த்தை ஆரம்பித்தது. காட்டின் பெருமையைச் சொன்னது. சபையின் பெருமையைச் சொன்னது. தலைவரின் கொம்பைப் புகழ்ந்தது. தன்னுடைய பாட்டனார் நோயாளிகளிடம் எவ்வளவு இரக்கமாக இருந்தார் என்று கதை கதையாக அளந்தது.

"இந்தப் பூனையால யாருக்கு என்ன லாபம்? வேலை செய்யுமா? காவல் காக்குமா? தண்ணியைக் குடிச்சே ஓடையை வத்த வச்சிடும்! நாளைக்கு இந்தச் சீக்கு நமக்கும் தொத்திக்கிட்டா?"

"இது தொத்துற சீக்கு இல்ல!" என்று வேலாயி கத்தினாள்.

"குறுக்கே பேசாதே! இது சபை!" என்றது நரி. "நான் கேட்கிறேன், ஒரு கிழட்டுப் பூனைக்காக ஒரு நல்ல முள்ளம்பன்றி வாழ்க்கையைத் தொலைக்கணுமா? சொல்லுங்க!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கூட்டம் முழங்கியது. முயலும் முழங்கியது. கரடியும் முழங்கியது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட வந்து எட்டிப்பார்க்காத குரங்குகள்தான் எல்லாரையும் விட உரக்க முழங்கின.

அப்போது மாசி எழுந்து நின்றான்.

"எனக்காக யாரும் சண்டை போட வேண்டாம். தாயி, நீ எனக்குச் செஞ்சது போதும். நான் அக்கரைக்கே போயிடுறேன். நீ உன் அக்காகூடக் கிழங்குக்குப் போ. போயி... போயி நல்லா..."

அவனால் முடிக்க முடியவில்லை. நாக்கு குழறியது. கால் பின்னியது. மீசை நுனி முதல் வால் நுனி வரை ஒரு நடுக்கம். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான்.

"நடிப்பு! நடிப்பு!" என்றது நரி.

வேலாயி பாய்ந்து அவன் முகத்தைத் திருப்பினாள். கண் செருகியிருந்தது. மீனை வாயில் வைத்தாள். விழுங்கவில்லை. பல் கிட்டிப்போயிருந்தது.

"தேன்! தேனைக் கொடுங்க! சீக்கிரம்!"

கரடி சட்டென்று தேனடைக்கு முன்னால் வந்து நின்றது. "இது சபைத் தேன்! தீர்ப்பு முடியறதுக்கு முன்னாடி எப்படித் தொடுறது?"

"உசிரு போகுது!"

காட்டெருமை திணறியது. "முறைன்னு ஒண்ணு இருக்கே... முதல்ல தீர்ப்பைச் சொல்லிட்டு... இல்ல, கை தூக்கச் சொல்லி ஒரு முடிவு எடுத்துட்டு..."

"சர்க்கரைக்காரனுக்குத் தேன் கொடுக்கிறதாவது! கொல்லப் பார்க்கிறா!" என்று முயல் கீச்சிட்டது. "கை தூக்குறவங்க தூக்குங்க!"

கை தூக்குவதாம்! ஒரு உயிர் கண் முன்னால் துடித்துக்கொண்டிருக்கிறது, இந்த மகராசன்கள் கை தூக்கி எண்ணப் போகிறார்களாம்!

வேலாயியின் முதுகில் முள்ளெல்லாம் கலகலவென்று நிமிர்ந்தது. முள்ளம்பன்றி முன்னால் பாயாது, பின்பக்கமாகத்தான் பாயும். அவள் திரும்பி நின்றாள். பின்னாலேயே ஓட்டமாக ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் புகுந்தாள். "ஐயோ! அம்மா!" என்று குரங்குகள் மரத்தில் ஏறின. கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியது. தலைவரே இரண்டடி பின்வாங்கினார்.

அவள் தேனடையை ஒரே அடியில் உடைத்தாள். கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். மாசியின் உதட்டை விலக்கி, ஈறில் தடவினாள். மறுபடி தடவினாள்.

"மாசி, ஏ மாசி! நக்குடா! என்னை ஏமாத்திட்டுப் போயிடாதே! நீ போயிட்டா என் பேச்சை யாருடா கேப்பா? நக்கு!"

வேலாயி அழுதுகொண்டே தடவினாள். இத்தனை நாள் சுமையா சுமையா என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்தச் சுமை கையை விட்டுப் போகிற நேரத்தில்தான் தெரிந்தது, அவளுக்கு அது வேண்டும்! மேல்மலையும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம், இந்தக் கிழட்டுப் பூனை எழுந்து 'ம்' கொட்டினால் போதும் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாசியின் நாக்கு நுனி மெல்ல அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. கண் திறந்தது.

"தாயி... என்ன இது, வாயெல்லாம் இனிக்குது?" என்றான்.

வேலாயி மீனை எடுத்து ஒவ்வொன்றாக ஊட்டினாள். சபை நடுவில், எல்லார் முன்னாலும், முறையை மீறி ஊட்டினாள். கடைசி மீன் உள்ளே போகும்வரை யாரையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் எழுந்து நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க! நான் விடியக்காலையில எந்திரிச்சு ஊசி குத்தினப்ப உங்கள்ல ஒருத்தரும் வரல. கசப்பங்கொடி தேடி நான் மேடும் பள்ளமும் அலைஞ்சப்ப ஒருத்தரும் வரல. இப்ப இவனைத் தள்ளிவிடணும்னதும் காடே திரண்டு வந்து நிக்குது! இவன் நின்னுக்கிட்டு இருக்கும்போதே, இவன் காதுபடவே, இவனால என்ன லாபம்னு கேட்டீங்க. உங்களுக்கு வெட்கமா இல்ல? சாக்குல கட்டிப் போட்டவங்களாவது இவன் கண்ணைப் பார்க்காம போட்டுட்டுப் போனாங்க. நீங்க சபை கூட்டி, தலைவரை வச்சு, முறை பேசிப் போடப் பார்த்தீங்க! ஏன், நானும் யோசிச்சேன்தான். இல்லைன்னு சொல்லல. உங்க முறைக்குப் பயந்து மீனை மூடியும் வச்சேன். அந்தப் பாவம் என்னோடது. ஆனா இனிமே யோசனை கிடையாது. மாசி எங்க வீட்டு உசிரு! எங்க வீட்டு உசிரு! எங்க வீட்டு உசிரு! ஒரு தடவை சொன்னா போதும்னு தெரியும். மூணு தடவை சொல்றேன், யாருக்காவது காது அடைச்சிருந்தா திறக்கட்டும்!"

நரி பதறிப்போனது. "அப்ப நீ கிழங்குக்குப் போகவே மாட்டியா?"

"மாட்டேன்!"

"எந்த வருஷமும்?"

"இவன் இருக்கிற வரைக்கும் மாட்டேன்!"

"அப்ப என் பொண்டாட்டி பிள்ளைங்க மழைக்கு எங்க போய்ப் படுக்கும்?" என்று நரி அலறிவிட்டது. அலறின பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கே உறைத்தது. முன்னங்கால் இரண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

சபையே அதைத் திரும்பிப் பார்த்தது. மரத்தின்மேல் இருந்த ஒரு குரங்கு முதலில் சிரித்தது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்குத்தானா உன் ஈரக்குலை நடுங்குச்சு?" என்று கேட்டாள்.

காட்டெருமை மெல்ல எழுந்து வந்தது. தன் பெரிய தலையைத் தரைவரை தாழ்த்தியது.

"பூனையாரே, மன்னிச்சுக்கங்க. முறையைக் காப்பாத்துறேன்னு உங்க உசிரைப் போக விடப் பார்த்தேன். இனிமே நோயாளி பசிச்சா, சபை நடுவுலயும் சாப்பிடலாம். இதுதான் இன்னிக்குத் தீர்ப்பு." பிறகு நரியின் பக்கம் திரும்பியது. "உனக்கு வேலாயிமேல இவ்வளவு அக்கறை இருக்கே. நாளைக்குக் காலையில போய்க் கசப்பங்கொடி பறிச்சுக் கொடுக்கிறியா?"

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு அவசரமா ஒரு வேலை..."

"மறுநாள்?"

"அன்னிக்கும்தான்..." என்று இழுத்துக்கொண்டே நரி புதருக்குள் நழுவியது. அது தப்பிப் போனதைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் பின் ஒருத்தராகப் பாதிச் சபையும் நழுவியது. வீட்டில் வேலை இருக்கிறதாம்!

மிச்சம் நின்றவர்களில் கரடி உடைந்த தேனடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "நான் மறிச்சு நின்னது தப்புத்தான் வேலாயி. ஒரு சின்ன அடை எப்பவும் உன் வளை வாசல்ல இருக்கிற மாதிரி பார்த்துக்கிறேன். திடீர்னு தேவைப்பட்டா நீ யாரையும் தேடி ஓட வேண்டாம்."

முயல் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. "அக்கா, ஊசி மட்டும் என்கிட்ட கேக்காதே. சத்தியமா மயக்கம் வந்துடும். ஆனா கொடியை நான் பறிச்சுக் கொண்டாந்து போடுறேன்."

"பறிச்சுப் போடு. அதுவே பெரிசு" என்றாள் வேலாயி. குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்த உதவியை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அந்த வைகாசியில் அவள் மேல்மலைக்குப் போகவில்லை. அக்கா கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசவில்லை. முதுகில் விழுந்த சொட்டை சொட்டையாகவே இருந்தது. காலையும் மாலையும் ஊசி, ஊசி முடிந்ததும் மீன், மீன் முடிந்ததும் பேச்சு. மாசி கேட்டுக்கொண்டே இருந்தான்.

குழந்தைகளே, பெரியவர்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நோயாளியைச் சுமப்பவருக்கு ஒரு நாளாவது தோள் கொடுக்காதவனுக்கு, அந்தச் சுமையை இறக்கி வை என்று சொல்ல வாய் கிடையாது.